அனுப்புநர் பெயரை எழுதியது யார்?

‘அன்புள்ள நுகர்வோரே, உங்கள் வீட்டு மின்சாரம் இன்று இரவு 9.30 மணிக்குத் துண்டிக்கப்படும். கடந்த மாத பில் கணக்கில் ஏறவில்லை. உடனே எங்கள் மின் அதிகாரியை இந்த எண்ணில் அழைக்கவும்.’

2022-இல் நாடு முழுக்கச் செல்போன்களில் வந்து விழுந்த ஆங்கிலக் குறுஞ்செய்தியின் சாரம் இது. தமிழ்நாட்டிலும் பலர் இதை நம்பிப் பணத்தை இழந்தார்கள். மின்வாரியமும் காவல்துறையும் திரும்பத் திரும்ப எச்சரிக்க வேண்டிவந்தது.

ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில், வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கண்ணமங்கலம். அங்கே ஒரு வீட்டில் உட்கார்ந்து இந்தச் செய்தியை நிதானமாகப் படித்தால் ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரியும். கடந்த மாத பில் என்று ஒன்று நம் வீடுகளுக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் ரீடிங் எடுப்பதே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். எழுதியவருக்கு நம் ஊர் வழக்கம் தெரியவில்லை. அடுத்தது சட்டம். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 56-ஆவது பிரிவு: பணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்க வேண்டுமானால் குறைந்தது 15 முழு நாட்கள் முன்னதாக எழுத்தில் அறிவிப்பு தரவேண்டும். சாயங்காலம் சொல்லி ராத்திரி ஃபியூஸைப் பிடுங்க எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தியில் மின் இணைப்பு எண்ணே இல்லை. யாருடைய வீடு என்று சொல்லாமலே வீட்டை இருட்டாக்கப் போவதாக மிரட்டுகிறது.

இவ்வளவு ஓட்டை இருந்தும் ஏன் நம்பினார்கள்? படிக்காதவர்கள், பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பில் பாக்கி இருக்குமோ என்று பதறி, கட்டிவிடலாம் என்று போன் போட்டவரிடம் பேராசை எங்கே இருக்கிறது? அவர் நேர்மையானவர், அந்த நேர்மையைத்தான் மோசடிக்காரன் பயன்படுத்திக்கொண்டான். அவரை ஏமாற்றியதில் குறுஞ்செய்தி என்ற தொழில்நுட்பத்தின் பிறவிக் கோளாறுக்கும் பெரிய பங்கு உண்டு.

குறுஞ்செய்தி தனியாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட சாலையில் ஓடுவதில்லை. உங்கள் போன் எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறது, அழைப்பு வருகிறதா, மணி அடிக்கவேண்டுமா என்று கோபுரமும் போனும் தங்களுக்குள் சத்தமில்லாமல் பேசிக்கொள்ள ஒரு தனித் தடம் உண்டு. பேச்சு போகும் தடம் வேறு, இது வேறு. இந்தச் சமிக்ஞைத் தடம் பெரும்பாலான நேரம் காலியாகவே கிடந்தது. 1980-களின் நடுவில் ஜெர்மனியின் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்டும் அவரோடு வேலை பார்த்த ஐரோப்பியப் பொறியாளர்களும், அந்தக் காலி இடத்தில் சின்னச் சின்ன எழுத்துச் செய்திகளைச் செருகி அனுப்பலாமே என்று திட்டமிட்டார்கள். கிடைத்த இடம் 140 பைட். ஓர் ஆங்கில எழுத்துக்கு 7 பிட் என்று சிக்கனமாகக் கணக்குப் போட்டால் அதில் 160 எழுத்து அடங்கும். 1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் பிரிட்டனில் ஒரு கணினியிலிருந்து வோடஃபோன் அதிகாரி ஒருவரின் போனுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். உலகின் முதல் குறுஞ்செய்தி அதுதான்.

கணினியிலிருந்து போனுக்கு என்பதைக் கவனியுங்கள். செய்தி அனுப்ப போனோ சிம்மோ வேண்டும் என்ற கட்டாயம் முதல் நாளிலேயே இருக்கவில்லை.

ஒவ்வொரு குறுஞ்செய்தியோடும் ஒரு சிறு படிவம் பயணம் செய்கிறது. அதில் அனுப்புநர் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் போன் நம்பரும் வரலாம், எழுத்தில் ஒரு பெயரும் வரலாம்; பெயர் என்றால் 11 ஆங்கில எழுத்து வரை. இந்த வசதி இருப்பதால்தான் வங்கியின் பெயர் திரையில் தெரிகிறது. ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்புவது அனுப்பும் தரப்பு. எழுதிய பெயர் உண்மைதானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அந்தப் படிவத்திலேயே கிடையாது. இன்லண்டு லெட்டரின் பின்புறம் அனுப்புநர் முகவரியில் யார் வேண்டுமானாலும் கலெக்டர் பெயரை எழுதிப் போடலாம் அல்லவா, அதே நிலைதான்.

ஐரோப்பாவின் சில தொலைபேசி நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உருவாக்கிய முறை இது. எல்லாரும் தெரிந்தவர்கள், பொய் சொல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கை அதன் அடித்தளத்தில் இருந்தது. இரண்டாம் தலைமுறைச் செல்போன் வலையமைப்பிலும் இதே மனப்பான்மைதான். உங்கள் சிம் தன்னை உண்மையானது என்று கோபுரத்துக்கு நிரூபிக்கவேண்டும். கோபுரம் தன்னைச் சிம்முக்கு நிரூபிக்கத் தேவையில்லை. இந்த ஒருபக்க நம்பிக்கையால்தான், காரின் பின்சீட்டில் ஒரு போலிக் கோபுரத்தை வைத்துக்கொண்டு, சுற்றி இருக்கும் போன்களை 2ஜி-க்கு இறக்கி, மோசடிச் செய்தியை நேராக அவற்றில் கொட்டும் கூட்டங்கள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. அந்தச் செய்தி எந்த டெலிகாம் நிறுவனத்தின் வழியாகவும் வருவதில்லை. அதனால் எந்த வடிகட்டியிலும் சிக்குவதில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. போன் செய்திகளை அனுப்புநர் பெயரை வைத்துத்தான் அடுக்குகிறது. பெயர் ஒன்றாக இருந்தால், போலிச் செய்தி வங்கியின் உண்மையான பழைய செய்திகளுக்குக் கீழேயே வரிசையாக உட்கார்ந்துவிடும்.

இந்தியா இந்த ஓட்டையை அடைக்கச் செய்த முயற்சி உலக அளவில் பெரியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி, மொத்தமாகச் செய்தி அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரையும், அனுப்பப்போகும் செய்தியின் வார்ப்புருவையும் முன்கூட்டியே பிளாக்செயின் பதிவேட்டில் பதியவேண்டும். திரையில் தெரியும் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்தும் ஒரு கோடும் இருக்கின்றனவே, அதில் முதல் எழுத்து டெலிகாம் நிறுவனத்தையும் இரண்டாவது எழுத்து தொலைத்தொடர்பு வட்டத்தையும் குறிக்கும். 2025 முதல் பெயருக்குப் பின்னாலும் ஓர் எழுத்து வருகிறது: விளம்பரத்துக்கு ‘பி’, சேவைக்கு ‘எஸ்’, பரிவர்த்தனைக்கு ‘டி’, அரசுக்கு ‘ஜி’. பதியாத இணைப்பு முகவரிகள் உள்ள வணிகச் செய்திகளை 2024 அக்டோபர் முதல் டெலிகாம் நிறுவனங்களே தடுக்கவேண்டும்.

இது நல்ல ஏற்பாடு. மின்வாரியம் என்று சொல்லிக்கொண்டு சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து செய்தி வந்தால் அது பொய் என்று இன்று துணிந்து சொல்லலாம். ஆனால் இந்தக் காவல் ஒரு வாசலுக்கு மட்டும்தான். வாட்ஸ்அப்பில் வருவதை இது பார்ப்பதில்லை. தனிநபர் சிம்மிலிருந்து வருவதும் இதில் சிக்காது.

சரி, ‘நான் பில் கட்டாதது அவனுக்கு எப்படித் தெரிந்தது?’ பணத்தை இழந்த பலரும் கேட்கும் கேள்வி இது. தெரியாது என்பதுதான் பதில். அவன் எல்லாருக்கும் அனுப்பினான். ஒரு லட்சம் பேருக்கு அனுப்பினால், அந்த வாரம் கரண்ட் பில் கட்ட மறந்தவர்கள் அதில் ஆயிரக்கணக்கில் இருக்கத்தான் செய்வார்கள். கட்டிமுடித்தவர் செய்தியை அழித்துவிட்டுப் போவார். மறந்தவருக்கோ அது தனக்கென்றே எழுதியதுபோல இருக்கும். கூரியர் வரவில்லை, கேஒய்சி முடிந்துவிட்டது, ஹெல்மெட் போடாததற்கு அபராதம் என்று வரும் செய்திகள் எல்லாமே இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012-இல் ஒரு கட்டுரை எழுதினார். நைஜீரியாவிலிருந்து கோடிக்கணக்கில் பணம் தருவதாக வரும் மின்னஞ்சல்கள் ஏன் இத்தனை அபத்தமாக இருக்கின்றன என்பது கேள்வி. அவர் விடை அழகானது. செய்தி அனுப்பச் செலவு அநேகமாக இல்லை. பதில் போட்டவரோடு உட்கார்ந்து பேசுவதற்குத்தான் நேரமும் ஆளும் செலவாகும். பாதியில் சந்தேகப்பட்டு விலகுகிறவரோடு பேசுவது மோசடிக்காரனுக்கு நஷ்டம். ஆகவே, சந்தேகப்படுகிறவர்களை முதல் வரியிலேயே விரட்டிவிடும் செய்தி அவனுக்கு லாபம். மின்வாரியச் செய்தியை இந்தக் கண்ணோடு பார்த்தால், அதன் ஓட்டைகளும் ஒரு சல்லடையாகத் தெரியும். அதையும் தாண்டிப் போன் செய்கிறவர் பதற்றத்தில் இருக்கிறார் என்று எதிர்முனைக்குத் தெரிந்துவிடுகிறது. நாம் ஓர் எண்ணை அழைத்த மாத்திரத்தில், எதுவும் பேசுவதற்கு முன்பே, அவனுக்குத் தேவையான முதல் தகவலைக் கொடுத்துவிடுகிறோம்.

அழைத்த பிறகு நடந்தது பெரும்பாலும் ஒரே மாதிரி. ‘பில்லை அப்டேட் செய்ய பத்து ரூபாய் கட்டினால் போதும், இந்த ஆப்பை இறக்குங்கள்’ என்பார்கள். அந்த ஆப், கணினிப் பழுதைத் தூரத்திலிருந்து சரிசெய்ய உருவான, சட்டப்படியான திரைப் பகிர்வு ஆப். இப்படிப்பட்ட எனிடெஸ்க் ஆப் மூலம் மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருந்தது. உங்கள் திரை அவனுக்குத் தெரியும். பத்து ரூபாய்க்காக நீங்கள் தட்டும் எண்கள் தெரியும். வந்து விழும் ஓடிபி தெரியும். இணையத்தில் கார்டு பயன்படுத்த இரண்டாவது பூட்டு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009-இல் விதித்தது நல்ல பாதுகாப்பு. ஆனால் அந்தப் பூட்டின் சாவி பெரும்பாலும் குறுஞ்செய்தியிலேயே வருகிறது. போனைப் பார்க்கிறவன் சாவியையும் பார்க்கிறான். வாட்ஸ்அப்பில் ஏபிகே என்ற ஆப் கோப்பாக வரும் போலி ‘சலான்’, போலி ‘கல்யாணப் பத்திரிகை’ எல்லாம் இதே வேலையை ஆள் இல்லாமல் செய்கின்றன. நிறுவியதும் குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி மோசடிக்காரனுக்குப் போய்விடும். தொற்றிய போனிலிருந்து அதில் உள்ள எல்லாருக்கும் தானே பரவுவதால், தெரிந்த மாமா எண்ணிலிருந்து வந்தது என்பதும் சாட்சி ஆகாது.

கண்ணமங்கலம் போன்ற ஊரில் செய்திகளை அலட்சியப்படுத்தவும் முடியாது. நூறு நாள் வேலைக் கூலி, மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய், பிஎம் கிசான் இரண்டாயிரம், கேஸ் புக்கிங் எல்லாவற்றின் தகவலும் குறுஞ்செய்தியில்தான் வருகிறது. பக்கத்தில், வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்; அங்கே பென்ஷன் செய்திக்குக் காத்திருக்கும் வீடுகள் உண்டு. அரசே இந்தக் குரலில் பேசும்போது, இந்தக் குரலை நம்பாதே என்று மக்களிடம் சொல்வது எத்தனை கஷ்டம்!

ஆகவே எந்தச் செய்தி உண்மை என்று உற்று உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். செய்தி தன் உண்மைக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது. அது கொடுக்கும் எண்ணையும் இணைப்பையும் தொடாமல், நமக்கு ஏற்கெனவே தெரிந்த வழியில் போய்க் கேட்பது ஒன்றே உறுதியானது. பில் பாக்கி உண்டா என்று மின்வாரிய அலுவலகக் கவுண்ட்டரில் கேட்கலாம். வங்கி என்றால் பாஸ்புக்கோடு கிளைக்குப் போகலாம், அல்லது ஏடிஎம் கார்டின் பின்னால் அச்சிட்ட எண்ணை அழைக்கலாம். பணம் வருவதற்கு யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை; பின் கேட்டால் பணம் போகப்போகிறது.

போய்விட்டால் உடனே 1930. உள்துறை அமைச்சகத்தின் இந்த உதவி எண்ணில் புகார் பதிவானதும், பணம் தாவிக்கொண்டிருக்கும் வங்கிகளுக்குத் தகவல் போகிறது. அங்கே எஞ்சியிருக்கும் தொகையை முடக்குகிறார்கள். மோசடிக்காரன் வாடகைக்கு எடுத்த கணக்குகளில் பணத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து ஏடிஎம்மில் எடுப்பதற்குள் இது நடக்கவேண்டும். வெட்கப்பட்டு, வீட்டில் சொல்லத் தயங்கி, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற இரவில்தான் பணம் கைமாறி முடிகிறது. வங்கிக்கும் உடனே எழுத்தில் தெரிவிக்கவேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, ரகசிய எண்ணை நாமே கொடுத்திருந்தாலும்கூட, வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது.

மொழி பற்றியும் சொல்லவேண்டும். குறுஞ்செய்தியின் 7 பிட் எழுத்துப் பட்டியலில் ஆங்கிலம் உண்டு, கிரேக்கப் பெரிய எழுத்துகள் உண்டு, தமிழ் இல்லை. தமிழில் எழுதினால் ஓர் எழுத்துக்குறிக்கு 16 பிட் ஆகிறது. 160 என்ற எல்லை 70 ஆகச் சுருங்குகிறது. அதிலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ‘மின்கட்டணம்’ நம் கண்ணுக்கு ஏழு எழுத்து, வலையமைப்புக்குப் பதினொன்று. ஆங்கிலத்தில் ஒன்றாகப் போகும் செய்தி தமிழில் இரண்டு மூன்றாக உடையும். மொத்தமாக அனுப்பும் நிறுவனம் ஒவ்வொரு துண்டுக்கும் காசு கொடுக்கவேண்டும். பின்னாளில் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு 7 பிட் அட்டவணைகள் சர்வதேசத் தரத்தில் சேர்க்கப்பட்டன. அவை பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை.

விளைவாக, ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு உண்மைச் செய்தியும் பொய்ச் செய்தியும் ஒரே ஆங்கிலத்தில் வருகின்றன. அந்த வரிகளில் அவரால் தானே படிக்க முடிவது எண்கள் மட்டும்: இரவு 9.30, அதன்கீழ் பத்து இலக்கம். எனவே அவர் அந்த எண்ணை அழைக்கிறார். மின்வாரியமும் வங்கிகளும் துண்டுக்கு ஆகும் சில பைசாவைப் பார்க்காமல் தமிழில், இணைப்பு எண்ணோடு, பாக்கித் தொகையோடு எழுதத் தொடங்கினால், பெயரில்லாத ஆங்கில மிரட்டல் அந்த வீட்டில் உடனே அந்நியமாகத் தெரியும்.