குளத்துக்குப் பணம் கேட்கப் போறீங்களா? சர்வே நம்பரோடு போங்க!

எங்கள் கருக்களாச்சேரி கடலோர ஊர். மண்ணுக்குள் மேலே மழைத் தண்ணீர் நிற்கும், அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். குளம் நிறைந்து கிடந்தால் நல்ல தண்ணீர் உப்பை அழுத்தி வைக்கும். குளம் தூர்ந்து போச்சு என்றால் சித்திரை, வைகாசியில் அடிபம்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, தலைக்கு ஊற்றினால் சிக்கு விழும். ஆண்கள் கடலுக்குப் போய்விடுவார்கள். குடத்தோடு நிற்பது நாம்தானே!

காரைக்கால் காவிரியின் கடைமடை. 2007-ல் நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி. அது எத்தனை ஊர் தாண்டி வந்து சேரணும்! அதனால் மழையைக் குளத்தில் பிடித்து வைப்பதை விட்டால் வேறு வழி இல்லை.

2019-ல் அப்போதைய கலெக்டர் விக்ராந்த் ராஜா 'நம் நீர்' என்று ஒரு திட்டம் தொடங்கினார். மூன்றே மாதத்தில் காரைக்கால் மாவட்டத்தில் 178 குளங்கள் தூர் வாரப்பட்டன. இதில் நான் கவனித்தது பணம் வந்த வழியைத்தான். எல்லாம் ஒரே கஜானாவில் இருந்து வரவில்லை. நூறு நாள் வேலைத் திட்டக் கூலி ஒரு பக்கம், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி ஒரு பக்கம், அரசு ஊழியர்களின் பங்கு இன்னொரு பக்கம். கேட்கத் தெரிந்தவர் கேட்டார், கிடைத்தது.

ஆனால் குளம் ஒரு தரம் வாரினால் தீர்ந்து போகிற வேலையா? கரை சரியும், பிளாஸ்டிக் சேரும், வரத்து வாய்க்காலை யாராவது அடைப்பார்கள். அடுத்த தரம் யார் கேட்பது? எல்லை தாண்டினால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கிராம சபை என்று ஒன்று கூடும். நம் புதுச்சேரியிலோ 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் அவர்கள் காலம் முடிந்த பிறகு வருஷக்கணக்காகத் தேர்தலே இல்லை. வார்டு மெம்பர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம் என்றால் அந்த வாசலே இல்லையே! கொம்யூன் ஆபீசுக்கு நாமே மனு எழுத வேண்டியதுதான்.

எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து மனு கொடுத்தபோது ஆபீசில் கேட்ட முதல் கேள்வி, "சர்வே நம்பர் என்ன?" என்பதுதான். "கோயில் பக்கத்துக் குளம்" என்று எழுதினால் ஃபைல் நகராதாம். வருவாய்த் துறையில் சர்வே நம்பரும், பரப்பளவும், அது புறம்போக்கா என்பதும் கிடைக்கும். கடைசியாக எப்போது வாரியது, வாய்க்கால் எந்த இடத்தில் அடைத்திருக்கிறது, எத்தனை வீடு அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது, இவ்வளவும் எழுதுங்கள். கோடையில் ஒன்று, மழையில் ஒன்று என்று போட்டோ வையுங்கள். மனு கொடுத்த ரசீதைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். பதிலே வராவிட்டால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டி எழுதினால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். எஸ்டிமேட் காப்பியும் அதிலேயே கேட்கலாம்.

கடலோர சகோதரிகளுக்கு மட்டும் ஒன்று. காசு வந்துவிட்டது என்று மெஷினை விட்டு ஆழமாகத் தோண்ட விடாதீர்கள். சேறு போனால் போதும். அதற்குக் கீழே போனால் உப்பு ஏறிவிடும். மிச்சப் பணத்தில் கரையும் படித்துறையும் கட்டச் சொல்லுங்கள்.

இது பொம்பளைங்களுக்கு ஆகிற வேலையா என்று என் மாமியார் கேட்டார். வேலூர்ப் பக்கம் நாகநதி வறண்டு கிடந்தது. நூறு நாள் வேலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் உறைகிணறுகளும் தடுப்புகளும் அமைத்துத் தண்ணீரைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். 2021-ல் பிரதமரே ரேடியோவில் அதைச் சொன்னார். மாமியாருக்கு அதற்கு மேல் பேச்சில்லை!

மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12 என்பது வழக்கம். அதற்குள் வேலை முடியணும் என்றால் மனு தை மாதமே போய்ச் சேரணும். எங்கள் குழுவில் சர்வே நம்பர் எடுத்தாகிவிட்டது. கையெழுத்து இன்னும் ஒரு தெரு பாக்கி.

- ஒரு வாசகி, கருக்களாச்சேரி