பட்டம் படித்துக்கொண்டே டாக்டர் படிப்புக்குத் தயாராவது எப்படி?

மே மாதம் வந்துவிட்டால் தீவுகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் நீட் தேர்வைப் பற்றித்தான் பேச்சு. முடிவு வந்தபின், இடம் கிடைக்காத பிள்ளைகளின் வீடுகளில் இன்னொரு கேள்வி எழுகிறது. ஒரு வருடம் வீட்டிலேயே வைத்துப் படிக்கவிடுவதா, கடன் வாங்கி மெயின்லாண்டுக்குக் கோச்சிங் அனுப்புவதா, அல்லது ஏதாவது ஒரு டிகிரியில் சேர்ப்பதா? இந்த மூன்றாவது வழியைப் பற்றி நம் இதழ் வாசகர்களுடன் சில விஷயங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் டாக்டரும் அல்ல, பேராசிரியரும் அல்ல. சிவில் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது மகள் குடும்பத்துடன் லாங் ஐலண்டில் இருக்கிறேன். ரயிலே இல்லாத தீவில் ரயில்வேக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இயற்பியல் கணக்கு சொல்லிக் கொடுப்பதுதான் வேலை.

அப்படி என்னிடம் வந்த பிள்ளைகளில் ஒரு பெண், தகப்பனார் டோங்கியில் மீன் பிடிப்பவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து எழுதிய முதல் நீட்டில் இடம் கிடைக்கவில்லை. "பி.எஸ்சி.யில் போட்டால் டாக்டர் ஆசையை மறந்துவிட வேண்டியதுதானே அண்ணாச்சி?" என்று அவள் தாயார் கண்கலங்கினார். பல பெற்றோர்களின் மனதில் இருக்கும் எண்ணம் இது. ஆனால் விதிமுறை அப்படிச் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் தேவையான மதிப்பெண்ணுடன் தேறியவர், கல்லூரியில் படித்துக்கொண்டே நீட் எழுதலாம். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருந்தால் போதும். மேல் வயது வரம்பு 2022-இல் நீக்கப்பட்டுவிட்டது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டுக்கும் இதே தேர்வுதான். சித்தா, ஆயுர்வேதம் போன்ற படிப்புகளுக்கும் இதே மதிப்பெண்தான். அமெரிக்காவில் கல்லூரிப் பட்டப்படிப்புக்குப் பிறகுதான் பெரும்பாலோர் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். அந்த வருடங்கள் வீண் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

நம் தீவுகளில் 1967 முதல் ஜவஹர்லால் நேரு ராஜ்கீய மகாவித்யாலயா இருக்கிறது. போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிப் பழகி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட நம் தலைநகரில்தான். அந்தப் பெண் அங்கே விலங்கியலில் சேர்ந்தாள். உயிரியல் கையைவிட்டுப் போகாது என்பது இதில் உள்ள லாபம். ஆனால் விலங்கியல் மட்டும் படிக்கும் பிள்ளைக்கு இயற்பியல் மெல்ல மறந்துபோகும். இதில் கவனம் தேவை.

ரயிலையே நேரில் பார்க்காத பிள்ளைகளுக்கு ரயிலை வைத்துத்தான் நான் பாடம் சொல்கிறேன். 13 மீட்டர் தண்டவாளம், வெப்பம் 30 டிகிரி ஏறினால் ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர் நீளும். அதனால்தான் இணைப்பில் இடைவெளி விடுகிறோம். வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்தி வைப்போம். பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் சாய்வான சாலையில் வண்டி திரும்பும் கணக்கும் இதே கணக்குதான். மிதப்பு விதிக்கு மட்டும் ரயில் உதவாது. அதற்கு அப்பாவின் டோங்கி இருக்கிறது.

தேர்வின் கணக்கையும் பார்ப்போம். 2025 முதல் 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். உயிரியலில் 90, இயற்பியலில் 45, வேதியியலில் 45. உயிரியலின் 90 கேள்விகளை 45 நிமிடத்தில் முடிக்கப் பழகினால், மீதி 90 கேள்விகளுக்கு ஆளுக்கு ஒன்றரை நிமிடம் கிடைக்கும். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். நான்கு கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி, மூன்று தவறாகி, மிஞ்சுவது ஒரே மதிப்பெண். ஒவ்வொன்றிலும் இரண்டு விடைகளைத் தவறென்று தள்ளிவிட்டுக் குறித்தால் மிஞ்சுவது ஆறு. பாதி தெரிந்த பாடத்துக்கும் பலன் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்கு இப்படிப் புரியவைக்கலாம்.

தண்டவாளத்தைத் தினமும் கீமேன் நடந்து பார்ப்பார். தளர்ந்த சாவியை அன்றே அடித்து இறுக்குவார். படிப்பும் அப்படித்தான். கல்லூரி நாளில் ஆறு மணி நேரம் உட்கார முடியாது. நம் தீவுகளில் பொழுது சீக்கிரம் விடிகிறது. விடியற்காலை இரண்டு மணி நேரம் இயற்பியலும் வேதியியலும், இரவு ஒரு மணி நேரம் உயிரியல், ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு மாதிரித் தேர்வு. தவறிய கேள்விகளை ஒரு தனி நோட்டில் எழுதி, அடுத்த ஞாயிறு மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். இது போதும்.

புத்தகத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். நம் தீவுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் என்பதால், என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் பிள்ளைகளுக்குப் பழகியதுதான். நீட்டுக்கு அதுவே அடிப்படை. சென்னையிலிருந்து கடலடியில் போட்ட கேபிள் 2020 ஆகஸ்டில் செயல்பாட்டுக்கு வந்தது. அது இணைக்கும் தீவுகளில் லாங் ஐலண்டும் ஒன்று. மத்திய கல்வி அமைச்சகமும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் நடத்தும் 'சாத்தீ' பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம். மழை நாளில் இணைப்பு போய்விடும் என்பதால், கிடைக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

வெளித்தீவுப் பெற்றோர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். 2024-இலும் 2025-இலும் தேர்வு மே முதல் ஞாயிறு நடந்தது. வங்கக் கடலில் அது புயல் உருவாகக்கூடிய காலம். கடல் சரியில்லை என்றால் போட் ஓடாது. தேர்வுக்கு மூன்று நான்கு நாள் முன்பே ஸ்ரீ விஜயபுரம் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. இரண்டாவது, தீவுவாசிச் சான்று, சாதிச் சான்று, பள்ளிச் சான்றுகள் எல்லாவற்றையும் விண்ணப்பத்துக்கு முன்பே தயாராக வைத்திருங்கள். கல்லூரியில் அசலைக் கொடுத்தால் சான்றொப்பமிட்ட நகல்களை வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். அந்தந்த வருடத்துக் கையேட்டை முழுவதும் படியுங்கள்.

2015-க்கு முன் நம் தீவுகளில் மருத்துவக் கல்லூரியே இல்லை. மத்திய ஒதுக்கீட்டில் மெயின்லாண்டில் கிடைத்த சில இடங்களே கதி. அந்த ஆண்டு இங்கே மருத்துவக் கல்லூரி 100 இடங்களுடன் தொடங்கியது. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதம் போக மற்றவை நம் தீவுப் பிள்ளைகளுக்கே. பல் மருத்துவம் படிக்க மட்டும் கடல் கடந்துதான் போக வேண்டும். லாங் ஐலண்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால், எராட்டா ஜெட்டிக்குப் போட்டில் போய், அங்கிருந்து ரங்கத் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போக வேண்டும். இந்த வழியைத் தெரிந்த பிள்ளை டாக்டராகி வந்தால், நோயாளியின் பயத்தை யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

நான் சொன்ன பெண் முதலாம் ஆண்டில் இருந்துகொண்டே மறுபடி எழுதினாள். மதிப்பெண் நன்றாகக் கூடியது, ஆனாலும் இடம் கிடைக்கவில்லை. இப்போது இரண்டாம் ஆண்டு விலங்கியல் படிக்கிறாள், மீண்டும் எழுதப்போகிறாள். கிடைத்தால் மருத்துவம். கிடைக்காவிட்டாலும் பட்டம் கையில் இருக்கும், ஆசிரியையாகவோ ஆய்வுக்கூடப் பணியிலோ போகலாம். எந்த வருடமும் வெறுமையாகக் கழியவில்லை. தாயாரும் இப்போது கண்கலங்குவதில்லை, பெண்ணின் மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்கிறார்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பழைய வினாத்தாள்களும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களும் கொண்ட ஓர் அலமாரியைச் சங்கத்தில் வைக்கலாம். தேர்வு வாரத்தில் வெளித்தீவுகளிலிருந்து வரும் பிள்ளைக்கும் உடன் வரும் பெற்றோருக்கும் நான்கு நாள் தங்க இடம் தர, தலைநகரில் வசிக்கும் குடும்பங்கள் முன்வரலாம். ஒரு அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் பெரிய செலவல்ல. போட் கிடைக்குமா என்ற பயம் இல்லாமல் நம் பிள்ளைகள் தேர்வு எழுதட்டும்.