நோட்டு வரும் வழி



ஏப்ரல் 14 வந்தால் 'ரிசர்வ் வங்கியைத் தந்தவர் அண்ணல் அம்பேத்கர்' என்று சுவரொட்டி ஒட்டுகிறோம். 1923இல் வெளியான அவருடைய 'ரூபாயின் பிரச்சினை' நூலை நம்மில் எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம்? பணத்தை வெளியிடும் அதிகாரத்துக்கு எல்லை கட்டுவது எப்படி என்பது அந்நூலின் மையக் கேள்விகளில் ஒன்று. நோட்டு நம் கைக்கு வரும் வழியைப் பார்த்தால் அந்தக் கேள்வி விளங்கும்.

நாணயங்களையும் ஒரு ரூபாய் நோட்டையும் வெளியிடுவது ஒன்றிய அரசு. மற்ற நோட்டுகளை வெளியிடும் உரிமை, 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி, ரிசர்வ் வங்கிக்கு மட்டுமே உண்டு. நாசிக், தேவாஸ், மைசூர், சல்போனி ஆகிய நான்கு இடங்களில் நோட்டு அச்சாகிறது. அங்கிருந்து ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகங்களுக்கும், குறிப்பிட்ட வங்கிக் கிளைகளிலுள்ள 'கரன்சி செஸ்ட்' எனும் பணக் காப்பறைகளுக்கும் போகிறது. காப்பறையில் இருக்கும்வரை அது ரிசர்வ் வங்கியின் சொத்து. வங்கி அதை எடுக்கும்போது, ரிசர்வ் வங்கியில் உள்ள அதன் கணக்கில் அந்தத் தொகை கழிக்கப்படும். பிறகே கிளைகளுக்கும் ஏடிஎம்களுக்கும் வருகிறது.

அச்சடித்து ஏழைகளுக்குக் கொடுத்தால் என்ன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இந்த வழியில் எந்த நோட்டும் சும்மா வருவதில்லை. கூலி, விளைபொருள், கடன், அரசு உதவி என ஏதோ ஒரு வாசல் வழியாகவே வருகிறது. நிலமும் கடையும் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் கூலிதான் வாசல்.

அதனால்தான் அம்பேத்கரின் எச்சரிக்கை நமக்கு முக்கியம். பணம் மலிந்து விலை ஏறும்போது கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை. அந்த இடைவெளியில் முதலாளி பெறும் லாபம் உழைப்பவரின் இழப்பு. ஆகவே வெளியீட்டை ஆள்வோரின் விருப்பத்துக்கு விடாமல் வரம்பு கட்ட வேண்டும் என்றார் அவர். இன்று சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இருப்பு, 115 கோடி ரூபாய் தங்கம் உட்பட 200 கோடிதான். மீதிக்குப் பெரும்பாலும் வெளிநாட்டுப் பத்திரங்களே ஈடு. தங்கம் இங்கே வரம்பு கட்டவில்லை, கொள்கைதான் கட்டுகிறது.

வெளியிடும் அதிகாரத்தோடு செல்லாததாக்கும் அதிகாரமும் சேர்ந்தே இருக்கிறது. 2016 நவம்பர் 8 இரவு 8 மணிக்கு அறிவித்து, நள்ளிரவோடு 500, 1000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கினார்கள். புழக்கத்திலிருந்த பணமதிப்பில் அது சுமார் 86 விழுக்காடு. முந்தானையில் முடிந்து வைத்திருந்த சேமிப்பை மாற்ற வரிசையில் நின்றவர்கள் அன்றன்றைய கூலியையும் இழந்தார்கள்.

நோட்டு என்பது ஒரு வாக்குறுதி. அதைக் கொடுப்பவர் யார், எடுத்துக்கொள்பவர் யார், இடையில் நாம் எங்கே நிற்கிறோம் என்று கேட்பது பொருளாதார வல்லுநர்களின் வேலை மட்டுமல்ல. அடுத்த ஏப்ரலில் சுவரொட்டி ஒட்டுவோம். அதற்கு முன் அந்த நூலைக் கூடி உட்கார்ந்து படிப்போம்.