கம்பம் பள்ளத்தாக்கில் இணையவழிக் கல்வி: அணுகலும் ஈடுபாடும்

முன்னுரை

இணையவழிக் கல்வி பற்றிய உரையாடல் பெரும்பாலும் கருவியிலும் இணைப்பிலும் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. கற்பவர் கையில் கைப்பேசி சேர்ந்த பின்னரும் பாடம் அவரைச் சேராமல் போவது உண்டு. அதற்குப் பாடத்தின் வடிவமே காரணமாக அமையும் இடங்களைத் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. அணுகல் என்னும் சொல் இங்கு உடற்குறை உடையோரின் தேவையை மட்டும் சுட்டவில்லை. நேரம், கருவி, மொழி ஆகியவற்றால் பாடத்திலிருந்து விலக்கப்படும் அனைவரையும் சுட்டுகிறது.

நிலமும் நேரமும்

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எனப் பெரியாற்று நீரால் நெல்லும் திராட்சையும் விளையும் இப்பள்ளத்தாக்கின் உழைப்பு நாள் மேற்கு மலையை நோக்கியது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய வழிகளில் இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் விடியலில் ஜீப்புகளில் சென்று மாலையில் திரும்புகின்றனர். ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி இருக்குமாயின் அது வேலைக்குச் செல்பவருடன் மலையேறிவிடும். காலை 10 மணிக்கு நடக்கும் நேரலை வகுப்பு அவ்வீட்டுப் பிள்ளைக்கு இல்லாத வகுப்பே.

தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று (2017–18), இந்திய ஊரகக் குடும்பங்களில் 14.9 விழுக்காட்டினருக்கே இணைய வசதியும் 4.4 விழுக்காட்டினருக்கே கணினியும் இருந்ததாகக் காட்டியது. இவை நாடு முழுமைக்குமான எண்கள். கைப்பேசி பின்னர் வேகமாகப் பரவியதும் உண்மை. எனினும் இக்கணக்கின் அலகு குடும்பம் என்பது கவனத்திற்குரியது. குடும்பத்தில் இணைப்பு இருப்பது மாணவரிடம் இணைப்பு இருப்பதாகாது. 2021 சனவரியில் தமிழ்நாடு அரசு 9.69 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இணையத் தரவை ஏப்ரல் வரை இலவசமாக அறிவித்தது. பயனுள்ள உதவிதான்; ஆயினும் தனிக் கைப்பேசி உடைய மாணவரையே அது கருத்திற்கொண்டது. கோபுரத்தின் அலை எட்டாத மேகமலைத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புக்கும் குரங்கணிக்கு மேலுள்ள சிற்றூருக்கும் தரவு இருந்தும் பயனில்லை.

இதே நிலப்பகுதியில் ஏலக்காய் வணிகம் இணையத்திற்கு எளிதாக மாறிவிட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னேல மையத்தில் கணினித் திரையில் விலை முடிவாகிறது. ஏலக்காய்க்குக் கிடைத்த வசதி அதைப் பறிப்பவரின் பிள்ளைக்கு அதே வேகத்தில் கிடைக்கவில்லை.

பாடத்தின் எடை

நேரம் சாராத பாடமே இத்தகைய களத்திற்குப் பொருந்தும். இரவு 8 மணிக்குக் கைப்பேசி வீடு திரும்பிய பின் இறக்கிப் படிக்கத்தக்கதாகப் பாடம் இருக்க வேண்டும். இங்கே கோப்பின் அளவு கற்பித்தல் சார்ந்த வினாவாகிறது. 40 நிமிடக் காணொளியை நொடிக்கு 500 கிலோபிட் வீதத்தில் பதிந்தால் ஏறத்தாழ 150 எம்பி ஆகும். அதே உரையை 32 கிலோபிட் ஒலிக்கோப்பாக மட்டும் தந்தால் 10 எம்பிக்குள் அடங்கும். 1000 சொற்கள் கொண்ட ஒருங்குறிப் பாடம் ஏறத்தாழ 30 கிலோபைட். ஒலிக்கோப்பில் முந்நூறில் ஒரு பங்குதான். வரைபடமோ செய்முறையோ இல்லாத இலக்கணப் பாடத்திற்குக் காணொளி ஏன் என்பதை ஆசிரியர் ஒவ்வொரு முறையும் தம்மிடமே கேட்டுக்கொள்ளலாம்.

2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி, 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது தரவுச் செலவின்றிப் பாடத்தை வீட்டிற்குக் கொண்டு சேர்த்தது. ஆனால் அது குறித்த நேரத்தில் ஒளிபரப்பாவது. மாணவர் நிறுத்திக் கேட்கவும் திருப்பி வினவவும் இயலாதது.

எழுத்துரு என்னும் தடை

தமிழ்ப் பேராசிரியர்கள் அதிகம் கவனிக்காத தடை எழுத்தில் உள்ளது. பார்வை மாற்றுத்திறனாளி மாணவர் என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பானின் துணையுடன் பாடத்தைக் கேட்கிறார். திரையில் தெரியும் வடிவத்தை அம்மென்பொருள் பார்ப்பதில்லை. அடியிலுள்ள குறியீட்டையே வாசிக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் உரோமன் எழுத்துகளின் இடத்தில் அமர்த்தப்பட்டுள்ளன. அவ்வெழுத்துருவில் தட்டச்சிட்ட ‘அம்மா’ கண்ணுக்கு அம்மாவாகவே தெரியும். கணினிக்கு அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள். ஒரு பக்கம் முழுதும் இவ்வாறு ஒலித்தால் அம்மாணவருக்குப் பாடம் என ஒன்று வழங்கப்படவே இல்லை.

அச்சுநூலின் பக்கங்களை வருடி பி.டி.எஃப் ஆக அனுப்புவது இதனினும் கடுமையான தடை. அக்கோப்பில் எழுத்தே இல்லை. படம் மட்டுமே உள்ளது. சிறு திரையில் படிக்கும் பார்வையுடையவருக்கும் அது துன்பம் தருவதுதான். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும்.

2010ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் தரங்களாக ஏற்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அதன் 42ஆம் பிரிவில் ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இல் வெளியிட்டு 2023 அக்டோபரில் 2.2 பதிப்பாகப் புதுப்பித்த வழிகாட்டு நெறிகள், உள்ளடக்கம் புலனுணரத்தக்கதாக, இயக்கத்தக்கதாக, புரியத்தக்கதாக, உறுதியாக இருக்க வேண்டும் என நான்கு கொள்கைகளை வகுக்கின்றன. சட்டமும் தரமும் இவ்வாறு இருக்க, தடை பெரும்பாலும் துறையின் தட்டச்சுப் பழக்கத்தில் எஞ்சியுள்ளது. ஆசிரியர் தம் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்துத் தேடுபொறியில் ஒட்டிப் பார்க்கலாம். தமிழாகவே நின்றால் ஒருங்குறி. உரோமன் எழுத்தாக மாறினால் பழைய குறியேற்றம். நகலெடுக்கவே இயலாவிடில் பெரும்பாலும் அது படம்.

ஈடுபாடும் பேச்சுமொழியும்

தொலைநிலைக் கல்வி அறிஞர் மைக்கேல் மூர், கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் இடையிலான தொலைவைப் பாடத்தின் கட்டமைப்பு, உரையாடல், கற்பவரின் தன்னாட்சி ஆகிய மூன்றையும் கொண்டு விளக்கினார். கட்டமைப்பு இறுகி உரையாடல் குறையும்போது தொலைவு கூடும். தமிழ் வகுப்பில் இதற்கு ஒரு தனிப்பரிமாணம் உண்டு. வகுப்பறையில் ஆசிரியர் செய்யுளை எழுத்துத்தமிழில் வாசித்து, பொருளைப் பேச்சுத்தமிழில் விரிக்கிறார். ஒளிப்பதிவுக் கருவியின் முன் அதே ஆசிரியர் மேடைத்தமிழுக்கு மாறிவிடுகிறார். பொருள் விளங்கும் அந்த இரண்டாம் நடை பதிவில் காணாமற் போகிறது. கன்னடமோ தெலுங்கோ வீட்டுமொழியாக உள்ள குடும்பங்களும் பள்ளத்தாக்கில் உள்ளன. அவர்தம் பிள்ளைகளுக்கு இவ்விழப்பு மேலும் கூடுதலானது.

எடுத்துக்காட்டும் களத்திலிருந்து வரலாம். ஏறத்தாழ 5 கிலோ பச்சை ஏலக்காய் உலர்ந்து 1 கிலோ ஆவதைக் கொண்டு விகிதத்தையும், முல்லைப் பெரியாற்று அணையில் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு அனுமதித்த 142 அடி நீர்மட்டத்தைக் கொண்டு அளவைகளையும் கற்பிக்கலாம். ஐந்தாறு நிமிடத்திற்கு ஒருமுறை, குரல்பதிவாகவே விடை அனுப்பத்தக்க ஒரு வினா வைப்பது போதும். தட்டச்சுத் தடுமாற்றம் உள்ளவரும் அதில் பங்கேற்பர்.

இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ 1 முதல் 8 வரையிலான வகுப்பு மாணவர்களுக்கு மாலை வேளையில், அவர்தம் குடியிருப்பிலேயே, தன்னார்வலரை ஆசிரியராக்கியது. மலையிலிருந்து பெற்றோர் திரும்பும் நேரமும் ஏறத்தாழ அதுவே. தன்னார்வலரின் ஒரே கைப்பேசியில் இறக்கி வைத்த 10 எம்பி ஒலிப்பாடம் இருபது பிள்ளைகள் சேர்ந்து கேட்கப் போதுமானது. அதை நிறுத்தி, வட்டாரப் பேச்சில் விளக்கி, மீண்டும் ஒலிக்கச் செய்ய ஒருவர் அருகில் இருப்பார். இணையவழிப் பாடங்களைத் தனிமாணவருக்கு உரியனவாக மட்டுமின்றி இத்தகைய மாலைக் குழுவிற்கு உரியனவாகவும் எழுதும் முயற்சி, பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் கல்வியியல் துறைகளுடன் இணைந்து மேற்கொள்ளத்தக்க அடுத்த பணியாகும்.