லெ ஜான்டியின் இந்தியக் கடற்பயணம் (1760–1771)

லெ ஜான்டியின் இந்தியக் கடற்பயணம் என்பது, வெள்ளிக் கோள் சூரியனின் முகப்பைக் கடந்து செல்லும் அரிய நிகழ்வைப் புதுச்சேரியிலிருந்து அளவிடுவதற்காகப் பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜான்டி (1725–1792) மேற்கொண்ட நெடும் பயணமாகும். 1760 மார்ச் 26 அன்று பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அவர், 1771 அக்டோபரில்தான் தாய்நாடு திரும்பினார். இடையில் வந்த இரண்டு கடப்புகளையும் அவரால் பயனுள்ள வகையில் அளவிட இயலவில்லை. முதலாவது போரினாலும் காற்றினாலும் தவறியது. இரண்டாவது மேகத்தால் தவறியது.

அறிவியல் வரலாற்றில் இப்பயணம் பெரும்பாலும் துரதிர்ஷ்டத்தின் எடுத்துக்காட்டாகவே கூறப்படுகிறது. அது முழு உண்மையன்று. தன் கட்டுப்பாட்டில் இல்லாத தாமதங்களுக்கு நடுவே ஒருவர் காலத்தை எவ்வாறு திட்டமிட்டார், காத்திருந்த ஆண்டுகளை எவ்வாறு வேலை ஆண்டுகளாக மாற்றினார் என்பதற்கு இதைவிடத் தெளிவான வரலாற்றுச் சான்று கிடைப்பது அரிது. திட்டமிடல் எந்த எல்லை வரை உதவும், எந்த எல்லைக்கு அப்பால் உதவாது என்பதையும் இப்பயணம் காட்டுகிறது.

பின்னணி

பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே வெள்ளி நேர்கோட்டில் வரும்போது, அது சூரிய வட்டின் மீது ஒரு சிறு கரும்புள்ளியாக நகர்ந்து செல்வதைக் காணலாம். பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து இந்நகர்வின் தொடக்க, முடிவு நேரங்களைத் துல்லியமாகக் குறித்தால், அவற்றின் வேறுபாட்டிலிருந்து பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கணக்கிடலாம். இம்முறையை எட்மண்ட் ஹாலி 1716 இல் விரிவாக முன்மொழிந்தார்.

இக்கடப்புகள் எட்டு ஆண்டு இடைவெளியில் இணையாக வருவது வழக்கம். பூமி சூரியனை எட்டு முறை சுற்றும் காலத்தில் வெள்ளி ஏறத்தாழப் பதின்மூன்று முறை சுற்றிவிடுவதே இதற்குக் காரணம். ஓர் இணை முடிந்த பின், அடுத்த இணைக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டும். 1761 ஜூன் 6, 1769 ஜூன் 3 ஆகியவை லெ ஜான்டியின் தலைமுறைக்குக் கிடைத்த நாட்கள். அதற்கடுத்த கடப்பு 1874 இல்தான். எனவே இது ஒத்திவைக்க இயலாத வேலை. நாளும் மணியும் வானத்தால் நிர்ணயிக்கப்பட்டிருந்தன. மற்ற அனைத்தும் நிச்சயமற்றிருந்தன.

இன்னொரு சிக்கலையும் இங்கு குறிப்பிட வேண்டும். அளவீடு செய்பவர் உரிய நாளில் உரிய இடத்தில் நின்றால் மட்டும் போதாது. அவ்விடத்தின் தீர்க்கக்கோடு அறியப்பட்டிருக்க வேண்டும். கடிகாரம் உள்ளூர் நேரத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும். அக்காலத்தின் நம்பகமான கடிகாரம் ஊசல் கடிகாரமே. அசையாத தளம் இன்றி அது சரியாக ஓடாது. தீர்க்கக்கோட்டை அறிவதற்கு வியாழனின் துணைக்கோள்கள் மறைந்து தோன்றும் நேரங்களையும் சந்திரனின் நிலையையும் பல இரவுகள் கவனிக்க வேண்டும். ஆகவே கடப்பு நாளுக்குப் பல வாரங்கள் முன்னதாகவே தரையில் நிலைபெற்றிருப்பது இன்றியமையாதது.

முதல் கடப்பு (1761)

லெ ஜான்டி 1760 ஜூலை 10 அன்று இல் த பிரான்ஸ் தீவை (இன்றைய மொரீசியஸ்) அடைந்தார். கடப்புக்கு இன்னும் ஏறத்தாழ பதினொரு மாதங்கள் இருந்தன. தாளில் பார்த்தால் இது தாராளமான கால அளவு. ஆனால் பிரான்சும் பிரித்தானியாவும் ஏழாண்டுப் போரில் ஈடுபட்டிருந்தன. புதுச்சேரிக்குச் செல்லும் கப்பல் கிடைக்கவில்லை. இடையில் அவர் வயிற்றுக்கடுப்பு நோயாலும் பீடிக்கப்பட்டார். இறுதியில் 1761 மார்ச் 11 அன்று சில்ஃபீடு என்னும் போர்க்கப்பலில் புறப்பட்டார்.

இங்குதான் பருவக்காற்று குறுக்கிட்டது. பாய்மரக் காலத்தில் இந்தியப் பெருங்கடலின் கால அட்டவணையை எழுதியவை காற்றுகளே. தென்மேற்குப் பருவக்காற்று கப்பல்களை இந்தியக் கரை நோக்கிக் கொண்டுவரும். வடகிழக்குப் பருவக்காற்று திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் கடலில் இறங்கும் கப்பல் வாரக்கணக்கில் அலைக்கழிக்கப்படலாம். சில்ஃபீடுக்கு நேர்ந்தது அதுவே. மே மாத இறுதியில் மலபார்க் கரையில் உள்ள மாஹேயை நெருங்கியபோது, மாஹேயும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் வசமாகிவிட்ட செய்தி கிடைத்தது. புதுச்சேரி அவ்வாண்டு ஜனவரியிலேயே வீழ்ந்திருந்தது. அதாவது, அவர் தீவிலிருந்து புறப்பட்ட நாளிலேயே அவர் செல்லவிருந்த இடம் இல்லாமற் போய்விட்டது. செய்திதான் அவரை வந்தடையவில்லை. கப்பல் திரும்பியது.

ஜூன் 6 அன்று வானம் தெளிவாக இருந்தது. லெ ஜான்டி நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பல் தளத்திலிருந்து கடப்பைக் கண்டார், நேரங்களையும் குறித்தார். ஆயினும் தீர்க்கக்கோடும் துல்லிய நேரமும் இல்லாத அக்குறிப்புகளால் பயன் இல்லை என்பதை அவரே அறிந்திருந்தார். அதே கடப்பைச் சென்னையில் ஆளுநர் மாளிகையிலிருந்து வில்லியம் ஹெர்ஸ்ட் என்ற ஆங்கிலப் பாதிரியார் கவனித்துப் பதிவு செய்தார். மொரீசியஸுக்குக் கிழக்கே சுமார் 600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரொட்ரீக்ஸ் தீவில், லெ ஜான்டியின் நாட்டவரான அலெக்சாந்தர் பிங்ரே மேகங்களுக்கு இடையே ஓரளவு அளந்தார்.

எட்டு ஆண்டுகளைத் திட்டமிடல்

தோல்வியுடன் பிரான்சு திரும்புவதே இயல்பான முடிவாக இருந்திருக்கும். லெ ஜான்டி திரும்பவில்லை. 1769 வரை இந்தியப் பெருங்கடல் பகுதியிலேயே தங்குவது என்று தீர்மானித்தார். இதைப் பிடிவாதம் எனச் சிலர் கருதுவர். கணக்கிட்டுப் பார்த்தால் அது அறிவார்ந்த முடிவே. ஊர் திரும்பவும் மீண்டும் வரவும் ஆகும் பயண மாதங்கள் அனைத்தும், முன்பு அவரைத் தவறவைத்த அதே நிச்சயமின்மைகளுக்கு மறுபடியும் ஆளாகும் மாதங்கள். தங்கிவிட்டால் அவை வேலைக்குக் கிடைக்கும்.

அவ்வேலைகளின் தன்மை கவனிக்கத்தக்கது. மடகாஸ்கரின் கிழக்குக் கரையை ஆராய்ந்து வரைபடம் வரைந்தார். இல் த பிரான்ஸ், பூர்போன் (இன்றைய ரியூனியன்) தீவுகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டினார். காற்றுகள், ஓதங்கள், கடல்வழிகள், தாவரங்கள், விலங்குகள், மக்களின் வழக்கங்கள் ஆகியவற்றைக் குறித்து வைத்தார். இவற்றுள் எதற்கும் குறிப்பிட்ட நாள் கிடையாது. கப்பல் மூன்று மாதம் தாமதித்தாலும் ஓதத்தை அளக்கலாம். மழை பெய்தால் நாளை கரையை வரையலாம். ஒரே ஒரு நாளில் மட்டும் செய்யக்கூடிய பெரிய வேலை ஒன்றைச் சுற்றி, எந்த நாளிலும் செய்யக்கூடிய பல வேலைகளை அவர் அமைத்துக்கொண்டார். தாமதம் வந்தபோதெல்லாம் கை வெறுமையாக இல்லை. முதல் பயணத்தில் தன்னை ஏமாற்றிய பருவக்காற்றே அவருடைய ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாயிற்று.

இரண்டாம் கடப்பைக் கவனிக்க மணிலா ஏற்றது என்று கருதி, 1766 மே 1 அன்று புறப்பட்டு ஆகஸ்ட் 10 அன்று அங்கு சேர்ந்தார். மூன்று ஆண்டுகளுக்கும் சற்றுக் குறைவான முன்னேற்பாட்டுக் காலம். ஆனால் அங்கிருந்த ஸ்பானிய ஆளுநர் அவருடைய பரிந்துரைக் கடிதங்களைச் சந்தேகித்தார். ஐரோப்பாவிலிருந்து பதில் அவ்வளவு விரைவில் வந்திருக்க முடியாது என்பது அவர் வாதம். கடிதம் தாமதமாவதே இயல்பாக இருந்த உலகில், தாமதமின்றி வந்த கடிதம் போலியாகத் தோன்றியது! பாரிசிலிருந்த அறிவியல் கழகத்தின் கருத்தும் புதுச்சேரிக்கே சாதகமாக இருந்தது. 1763 ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையால் புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கு மீண்டும் கிடைத்திருந்தது. ஆகவே மணிலாவை விட்டு நீங்கி, 1768 மார்ச் 27 அன்று அவர் புதுச்சேரியை அடைந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பயணம் அன்றுதான் தன் இலக்கைத் தொட்டது.

புதுச்சேரியில்

ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டையின் இடிபாடுகள் மீது ஆளுநர் ழான் லா த லொரிஸ்தோன் அவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்தார். அதன் அடியிலிருந்த நிலவறையில் வெடிமருந்து சேமிக்கப்பட்டிருந்தது. சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள், பழைய பகையை மறந்து, நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பி உதவினர். கடப்புக்கு ஏறத்தாழ பதினான்கு மாதங்கள் இருந்தன. இம்முறை கப்பல், போர், காற்று, கடிதம் ஆகிய எதுவும் அவரைத் தடுக்க முடியாத அளவுக்கு முன்னதாகவே வந்துவிட்டார். புதுச்சேரியின் தீர்க்கக்கோட்டை நிதானமாக நிர்ணயித்தார். அடிவானத்துக்கு அருகே ஒளி விலகுவதையும் ஆராய்ந்தார். அரிக்கமேட்டுப் பகுதியின் பழஞ்சின்னங்கள் குறித்த தொடக்ககால ஐரோப்பியக் குறிப்புகளுள் அவருடையதும் ஒன்று.

இக்காலத்தில் அவர் செய்த பணிகளுள் தமிழ் வாசகர்களுக்கு மிகவும் ஆர்வமூட்டுவது தமிழ்க் கணிதர்களிடமிருந்து அவர் கற்ற வானியலாகும். சோழிகளைத் தரையில் அடுக்கி நகர்த்தியும், மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களைப் பெற்றும், ஏட்டில் எதையும் எழுதாமலே அவர்கள் கிரகணத்தைக் கணித்தனர். லெ ஜான்டி இம்முறையைக் கற்று ஐரோப்பிய முறையுடன் ஒப்பிட்டார். 1765 ஆகஸ்ட் 30 இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவில், தமிழ்க் கணிப்பு 41 வினாடி குறைவாகவும், டோபியாஸ் மாயரின் புகழ்பெற்ற அட்டவணைகள் 68 வினாடி மிகுதியாகவும் இருந்தன என்று அவர் பதிவு செய்தார். ஒரே கிரகணத்தைக் கொண்டு இரு முறைகளின் தரத்தையும் தீர்மானித்துவிட முடியாது என்றாலும், இம்முறை பற்றிய அவருடைய பதிவு மதிப்புமிக்கது. பின்னாளில் ஜான் வாரன் 1825 இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித' என்னும் நூலிலும் இச்சோழிக் கணிப்பு முறை விளக்கப்பட்டுள்ளது. அறிவியல் வரலாற்றாளர் ஒட்டோ நொய்கெபவர் 1952 இல் 'தமிழ் வானியல்' என்ற கட்டுரையில் இதை ஆராய்ந்தார்.

இரண்டாம் கடப்பு (1769)

புதுச்சேரியில் கடப்பு உள்ளூர் நேரப்படி ஜூன் 4 நள்ளிரவுக்குப் பின் தொடங்கி, காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு முடிய வேண்டும். எனவே சூரிய உதயத்துக்குப் பின் எஞ்சும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில், வெள்ளி சூரிய வட்டை விட்டு வெளியேறுவதை மட்டுமே அங்கிருந்து காண இயலும். ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பு அந்த ஒன்றரை மணி நேரத்தில் அடங்கியிருந்தது.

மே மாதக் காலை நேரங்கள் தெளிவாகவே இருந்தன. முந்தைய மாலையில் லெ ஜான்டியும் ஆளுநரும் வியாழனின் துணைக்கோள்களைக் கண்டு மகிழ்ந்தனர். விடியும் முன் மேகம் சூழ்ந்தது, காற்று வீசியது. கடப்பு முடியும் வரை சூரியன் தெரியவில்லை. முடிந்த சிறிது நேரத்தில் மேகம் விலகிச் சூரியன் வெளிப்பட்டது. அந்நாள் முழுவதும் பிரகாசித்தது. இரு வாரங்களுக்கும் மேலாகத் தன் நாட்குறிப்பைத் தொடரும் துணிவின்றி இருந்ததாக அவர் பின்னர் எழுதினார். மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்ததையும் பிற்பாடு அறிந்தார்.

மணிலாவை விட்டது தவறான முடிவு என்று இதைக்கொண்டு கூறுவது பொருந்தாது. 1768 இல் எவராலும் 1769 ஜூன் மாதத்து மேகத்தை அறிந்திருக்க முடியாது. முன்னதாக வருதல் என்பது பயணத் தாமதத்துக்கு மருந்து. மேகத்துக்கு அது மருந்தாகாது. ஓரிடத்தில் ஒருவர் பதினான்கு மாதங்கள் முன்னதாக வந்தாலும், பதினான்கு ஆண்டுகள் முன்னதாக வந்தாலும், அந்த ஒரு காலைப் பொழுதின் வானிலை மாறாது. அதற்கான ஒரே காப்பு, பலர் பல இடங்களில் நிற்பதுதான். அறிவியல் உலகம் செய்ததும் அதுவே. தாகித்தியில் ஜேம்ஸ் குக்கின் குழுவினரும், நார்வேயின் வார்தோவில் மாக்சிமிலியன் ஹெல்லும், கலிபோர்னியத் தீபகற்பத்தில் ஷாப் தொத்தரோஷும் அளவீடுகளைப் பெற்றனர். ஷாப் தன் பணியை முடித்தபின் அங்கு பரவிய கொள்ளை நோயால் இறந்தார். இத்தகைய அளவீடுகளைத் தொகுத்து, லலாந்து 1771 இல் சூரியத் தொலைவை ஏறத்தாழ 153 மில்லியன் கிலோமீட்டர் எனக் கணித்தார். இன்றைய மதிப்பு 149.6 மில்லியன் கிலோமீட்டர். லெ ஜான்டி தோற்றார். அவர் பங்கேற்ற திட்டம் வென்றது.

திரும்புதலும் பிற்காலமும்

நோயுற்றிருந்த லெ ஜான்டி 1770 மார்ச்சில் புதுச்சேரியை விட்டு நீங்கினார். இல் த பிரான்சிலிருந்து அவர் ஏறிய கப்பல் புயலில் சிக்கிச் சேதமுற்று, அதே தீவுக்குத் திரும்பியது. 1771 மார்ச்சில் ஒரு ஸ்பானியக் கப்பலில் இடம் கிடைத்தது. காடிஸ் துறைமுகத்தில் இறங்கி, நிலவழியே பைரனீஸ் மலையைக் கடந்து பிரான்சை அடைந்தார்.

அங்கு அவர் இறந்துவிட்டதாகவே கருதப்பட்டிருந்தது. அவர் அனுப்பிய கடிதங்கள் பல போய்ச் சேரவில்லை. வாரிசுகள் சொத்தைப் பிரித்துக்கொள்ள முற்பட்டிருந்தனர். அறிவியல் கழகத்தில் அவருடைய இடம் வேறொருவருக்குச் சென்றிருந்தது. சொத்துக்காக வழக்காட வேண்டியிருந்தது. அதில் அவருக்குப் பொருளிழப்பே மிஞ்சியது. காத்திருப்பின் விலையில் இப்பகுதி பலராலும் கவனிக்கப்படுவதில்லை. தொலைவில் இருப்பவர் எவ்வளவு உழைத்தாலும், உழைக்கிறார் என்ற செய்தி ஊரை எட்டாவிடில், ஊரின் கணக்கில் அவர் இல்லை. கழகத்தில் பின்னர் அவருக்கு மீண்டும் இடம் கிடைத்தது. அவர் மணம் புரிந்து, ஒரு மகளுக்குத் தந்தையாகி, பாரிசில் வாழ்ந்து 1792 இல் காலமானார்.

பயணத்தில் திரட்டிய செய்திகளை 'இந்தியக் கடல்களில் ஒரு பயணம்' என்ற பொருள்படும் தலைப்பில் இரு பெருந்தொகுதிகளாக 1779, 1781 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். பருவக்காற்றுகள், மடகாஸ்கர், மணிலா, புதுச்சேரி, தமிழர் வானியல் ஆகியவை அவற்றில் விரிவாக இடம்பெறுகின்றன.

லெ ஜான்டிக்குப் பின் 1874, 1882, 2004, 2012 ஆகிய ஆண்டுகளில் வெள்ளி சூரியனைக் கடந்தது. 2004 ஜூன் 8 அன்று நிகழ்ந்த கடப்பு, தொடக்கம் முதல் முடிவு வரை புதுச்சேரியில் பகல் நேரத்திலேயே அமைந்தது. அடுத்த கடப்பு 2117 டிசம்பரில் நிகழும்.