'காதல் கொண்டேன்' வினோத் செய்தது காதலா, கடத்தலா? - திவ்யாவின் பக்கம் நின்று ஒரு பார்வை

மலை விளிம்பு. திவ்யாவின் ஒரு கையைப் பிடித்துத் தொங்குகிறான் காதலன் ஆதி. இன்னொரு கையில் நண்பன் வினோத். யாரை விடுவது என்று தெரியாமல் அவள் கதற, வினோத் சிரித்துக்கொண்டே தன் கையை விடுவித்துக்கொண்டு கீழே விழுகிறான்.

'காதல் கொண்டேன்' கிளைமாக்ஸ் இது. டிவியில் எப்போது போட்டாலும், 'பாவம்ப்பா அவன்' என்று சொல்லாமல் இந்தக் காட்சியைக் கடப்பது கஷ்டம். ஆனால் 20 ஆண்டுகள் தாண்டிய பிறகு படத்தைத் திரும்பப் பார்க்கும்போது வேறொரு கேள்வி வருகிறது. வினோத்துக்காக அழுத நாம், திவ்யாவுக்கு என்ன நடந்தது என்று கவனித்தோமா?

(படம் பார்க்காதவர்கள் கவனத்துக்கு: கதை முழுவதும் இங்கே பேசப்படுகிறது.)

என்ன கதை?

2003 ஜூலை 4-ம் தேதி வெளியான இந்தப் படம்தான் செல்வராகவன் பெயரில் இயக்குநராக வந்த முதல் படம். 'துள்ளுவதோ இளமை'க்குப் பிறகு தனுஷுக்கு இது இரண்டாவது படம். வெளியானபோது அவருக்கு வயது 19. திவ்யாவாக சோனியா அகர்வால், இசை யுவன் ஷங்கர் ராஜா.

பாதிரியாரின் ஆதரவில் வளர்ந்த வினோத், படிப்பில் புலி. ஆனால் யாரோடும் ஒட்டாதவன். சென்னையில் கல்லூரியில் சேரும் அவனை வகுப்பே ஒதுக்க, திவ்யா மட்டும் தோழியாகிறாள். அவனுக்கு அது காதலாகிறது. அவளோ ஆதியைக் காதலிக்கிறாள். விஷயம் தெரிந்ததும் திவ்யாவின் அப்பா அவளை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறார். பழைய துணி கேட்டு அந்த வீட்டுக்குப் போகும் வினோத், அவளைக் கூட்டிக்கொண்டு தப்பிக்கிறான். ஆந்திராவில் ஆதியைப் பார்க்கலாம் என்பது அவன் சொன்ன பொய். கொண்டுபோய் வைத்தது காட்டுக்குள் அவன் ஏற்கெனவே தயார் செய்த இடத்தில்.

நட்பு எங்கே ஆபத்தாக மாறியது?

வினோத் திவ்யாவை மிரட்டவில்லை. தவறாகத் தொடவும் இல்லை. 'அப்புறம் என்ன பிரச்சினை?' என்று படம் பார்ப்பவருக்குத் தோன்றுவது அதனால்தான். ஆனால் நடந்ததை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

முதலில், அவளுக்கு ஆதி மீதுதான் காதல் என்று வினோத்துக்குத் தெரியும். தெரிந்தும் தன் திட்டத்தை அவன் மாற்றவில்லை. இரண்டாவது, பொய் சொல்லி அழைத்துப் போகிறான். மூன்றாவது, வீடு, நண்பர்கள், காதலன் என யாரும் எட்ட முடியாத இடத்தில் தன்னை மட்டுமே நம்பும் நிலையில் அவளை வைக்கிறான். கடைசியில் தேடிவரும் போலீஸ் மீதே கை வைக்கிறான், உயிர் போகிறது.

பொய், தனிமைப்படுத்தல், பிறகு வன்முறை. நிஜத்திலும் பல உறவுகள் இப்படித்தான் படிப்படியாக விபரீதமாகின்றன. ஆரம்பத்தில் அது அக்கறை மாதிரியேதான் இருக்கும்.

அவன் பட்ட கஷ்டம்?

சிறுவயதில் கொத்தடிமை போல வேலை, பாலியல் கொடுமை, கண்ணெதிரே தோழியின் மரணம். வினோத்தின் கடந்த காலம் மனதைப் பிசையும். அவன் ஏன் இப்படி ஆனான் என்பதற்குப் படம் காரணம் சொல்கிறது. ஆனால் காரணம் வேறு, நியாயம் வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தைப் பருவத்தில் கொடுமையை அனுபவித்தவர்களில் பெரும்பாலோர் யாரையும் துன்புறுத்துவதில்லை. 'அடிபட்டவன் சைக்கோ ஆவான்' என்ற சினிமா ஃபார்முலா அவர்களுக்கும் அநியாயம் செய்கிறது. வினோத்துக்குத் தேவைப்பட்டது சிகிச்சையும் துணையும். அந்த மொத்த பாரத்தையும் ஒரு கல்லூரிப் பெண்ணின் தலையில் இறக்கிவைத்ததுதான் சிக்கல்.

சட்டம் என்ன சொல்கிறது?

'அவளாகத்தானே கூடப் போனாள்?' என்று கேட்கலாம். ஏமாற்றி ஒருவரை ஓர் இடத்திலிருந்து கிளம்ப வைப்பதும் கடத்தல்தான் என்று 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 362-வது பிரிவே சொன்னது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 138-வது பிரிவு.

விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும், இணையத்தில் அவரைக் கண்காணிப்பதும் தனிக் குற்றமானது 2013-ல்தான். அதாவது இந்தப் படம் வந்து 10 ஆண்டுகள் கழித்து. இப்போது 78-வது பிரிவின்படி முதல் முறை 3 ஆண்டுகள் வரையும், மீண்டும் செய்தால் 5 ஆண்டுகள் வரையும் சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

சட்டம் வந்தும் எல்லாம் மாறிவிடவில்லை. 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில், தன்னிடம் பேச மறுத்த கல்லூரி மாணவியை ஓர் இளைஞர் ரயில் முன் தள்ளிக் கொன்றார். 2024 டிசம்பரில் மகளிர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

படத்தில் திவ்யா இரண்டு முறை அடைக்கப்படுகிறாள். முதலில் அப்பா, பிறகு வினோத். இருவரும் சொல்லும் காரணம் பாசம். அப்பா கதவைப் பூட்டாமல் உட்கார்ந்து பேசியிருந்தால், வினோத்தின் பொய்யை நம்பி வெளியேறும் அவசியமே அவளுக்கு வந்திருக்காது. 'வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்பையே நிறுத்திடுவாங்க' என்ற பயம்தான், பின்தொடரும் ஆளைப் பற்றிப் பல பெண்களை வாய் திறக்க விடாமல் செய்கிறது.

பெண்களுக்கான உதவி எண் 181. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் 1098-ஐ அழைக்கலாம். காதல் தோல்வியைத் தாங்க முடியாமல் தவிக்கும் இளைஞர்கள் மனநல ஆலோசனைக்கு 14416-ஐ அழைக்கலாம். இப்படிப் பேச ஓர் ஆள் வினோத்துக்குக் கிடைக்கவில்லை.

திரும்ப அந்தக் கிளைமாக்ஸுக்கே வருவோம். கையை விட்டது வினோத்தின் தியாகம் என்றுதான் இத்தனை நாள் பேசிவந்தோம். அடுத்த முறை படம் ஓடும்போது அவன் முகத்தை விட்டுவிட்டு, விளிம்பில் அழுதுகொண்டிருக்கும் திவ்யாவையும் கொஞ்சம் பாருங்கள். படம் முழுக்க 'உனக்கு என்ன வேண்டும்?' என்று அவளிடம் யாருமே கேட்கவில்லை.