உப்புநீரில் இறுகிய சில்லு



மாட்டு வண்டிலின் சில்லைக் கழற்றுவது எவ்வாறு என்று நம் முன்னோரை யாரேனும் வினவியிருந்தால் அவர் நகைத்திருப்பார். கடையாணியைப் பிடுங்கினால் குடம் அச்சைவிட்டுத் தானே வழுக்கி வரும். படகை ஏற்றிச் செல்லும் இரும்பு வண்டிலின் சில்லோ அவ்வாறன்று. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, குருநகர் போன்ற கரையூர்களிலே அதனைக் கழற்ற முயன்றவர்களுக்கு அது எத்துணை பிடிவாதமானது என்பது தெரியும்.

மரங்களைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தைச் சிலர் கூடித் தோளிலே சுமந்து கரையேற்றினர். பின்னர்க் கண்ணாடியிழைப் படகுகள் வந்தன. 1967 இல் நோர்வே உதவியுடன் தோன்றிய சீநோர் நிறுவனம் காரைநகரில் அவற்றைக் கட்டியது. படகும் பின்னிணைப்பு இயந்திரமும் சேர்ந்த பாரத்தை மணலில் இழுப்பதற்கு ஆள்பலம் போதாதவிடத்து, உழவு இயந்திரமும் இரு சில்லு வண்டிலும் துணைக்கு வந்தன. வாடைக் காற்று வீசும் மாதங்களில் அவ்வண்டில் கடலோரத்தில் வாளாவிருக்கும், இறுகுவதும் அக்காலத்திலேதான். 2020 டிசம்பர் 2 ஆம் நாள் இரவு புரேவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையைக் கடந்தது. அத்தகைய எச்சரிக்கை வரும் மாலையிலே, படகை மேட்டுக்கு ஏற்ற வேண்டிய நேரத்தில், சில்லு சுழல மறுத்தால் என்னாகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

சில்லு ஏன் இறுகுகிறது? கடல்நீர் வெளியிலிருந்து மெல்ல அரிப்பதனால் மட்டும் என்று பலர் கருதுவர். உண்மையில் அந்நீரை உள்ளே இழுப்பது குடமேயாகும். வீதியில் ஓடிய வண்டிலின் குடம் சூடேறியிருக்கும். அதனுள் இருக்கும் காற்றும் சூடேறி விரிந்திருக்கும். அந்நிலையில் படகை இறக்குவதற்காக வண்டிலை நீருக்குள் தள்ளினால் குடம் சட்டெனக் குளிர்கிறது, உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அச்சுருக்கம், கிறீசைக் காக்கும் இறப்பர் வளையத்தின் இடுக்கு வழியே கடல்நீரை உறிஞ்சிக்கொள்கிறது. நீர் கலந்த கிறீஸ் மோரைப் போல் வெளுத்து, வழுவழுப்பை இழக்கிறது. அதன் பின் பெயரிங் எனப்படும் உருளைத் தாங்கியைத் துரு பற்றுகிறது. துருவானது தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்பினது. ஆகவே இரு பாகங்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியில் அது ஆப்புப் போல இறுகுகிறது. இதனை நினைவிற் கொண்டால் சம்மட்டியை உடனே தேடமாட்டோம். ஆப்பை மேலும் அறைந்து என்ன பயன்?

முதலில் சில்லை அச்சுக்குடத்துடன் பிணைக்கும் நட்டுகளைக் கவனிப்போம். வண்டிலை ஜாக்கியால் உயர்த்துவதற்கு முன்னரே, சில்லு நிலத்தில் ஊன்றியிருக்கும்போதே அவற்றை இளக்க வேண்டும். கம்பித் தூரிகையால் புரியைத் துடைத்து, மண்ணெண்ணெயுடன் மெல்லிய எண்ணெயைக் கலந்து ஊற்றி, ஓரிரவு விடுக. மறுநாள் ஸ்பனரின் பிடியில் ஒரு குழாயைச் செருகினால் நெம்பும் வலு மிகும். முதலில் இறுக்கும் பக்கமாகச் சற்றே திருகி, பின் இளக்கும் பக்கமாகத் திருப்புவது நன்று. துருவின் பிடி அவ்வசைவிலே உடைகிறது. நட்டுகளை இளக்கிய பின்னும் சில்லு குடத்தின் முகத்தைவிட்டு அகலாவிடின், அவற்றை இரண்டு சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, வெறும் வண்டிலைச் சில அடிகள் முன்னும் பின்னும் மெல்ல உருட்டுக. பெரும்பாலும் சில்லு ஒரு சத்தத்துடன் விடுபடும். படகு மேலே இருக்கையில் இதனைச் செய்தலாகாது.

இனிக் குடம். கவட்டு ஆணியை நீக்கி, அச்சின் நுனியிலுள்ள நட்டைக் கழற்றியதும் வெளிப்புறப் பெயரிங் கையோடு வரவேண்டும். வராவிடில் மீண்டும் எண்ணெயும் பொறுமையுமே துணை. "சம்மட்டியைக் கொண்டுவா தம்பி" என்று மூத்தவர் கூறினால், முதலில் அந்த நட்டை அச்சின் நுனியுடன் சமனாகுமாறு மீண்டும் பூட்டி வையுங்கள். புரி சிதைந்தால் அச்சையே மாற்ற நேரும். இயலுமாயின் அடிக்காமல், நகங்கள் கொண்ட புல்லரால் இழுப்பதே சிறந்தது. குடத்தின் மேல் ஒரே இடத்தில் ஓங்கி அறைவதைவிட, அதனைச் சுற்றிச் சுற்றி மிதமாகத் தட்டுவது கூடிய பயன் தரும்.

குடம் கழன்றாலும் பெயரிங்கின் உள்வளையம் அச்சில் ஒட்டிக்கொண்டிருத்தல் உண்டு. அங்கே வெப்பம் உதவும். 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்கு வளையத்தின் சூட்டை 100 பாகை உயர்த்தினால் அதன் துளை ஏறக்குறைய 0.05 மில்லிமீற்றர் விரியும். ஒரு மயிரின் பருமனளவே எனினும் அதுவே போதுமானது. பழந்துணியைச் சுற்றிக் கொதிநீர் ஊற்றினால், அச்சு சூடேறுமுன் வளையம் விரிந்துகொடுக்கும். அதற்கும் இணங்காவிடில் அரைக்கும் இயந்திரத்தால் அதன்மேல் ஒரு கோடு கீறி, உளியை வைத்து ஒருமுறை அடிக்கலாம். மிகக் கடினமான உருக்காதலால் அது வெடித்துப் பிளந்துவிடும். கீறல் அச்சைத் தொடலாகாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. டயர் பூட்டியிருக்கும் சில்லின் நட்டுகளை வாயு விளக்கால் சூடாக்குவோர் உளர். உட்புற இறப்பர் கருகி எரிவாயுவை உமிழ, அடைபட்ட காற்றின் அழுத்தமும் ஏற, டயர் குண்டு போல வெடிக்கும். சூடாக்கி முடிந்து சில நிமிடங்களின் பின்னரும் அது நிகழலாம். அயலில் நின்றவர் இதனால் மாண்டதுண்டு. டயரை அகற்றாமல் சுவாலையை அருகிற் கொண்டுசெல்லாதீர்கள். மண்ணெண்ணெய் ஊறிய பாகத்துக்கும் இதே விதிதான். கிறீஸ் நிரம்பி மூடிய குடத்தைச் சூடாக்குவதும் ஆபத்தே.

மீளப் பூட்டும்போது பழைய இறப்பர் வளையத்தையும் கவட்டு ஆணியையும் எறிந்துவிட்டுப் புதியன இடுக. அவற்றின் விலை அற்பம். கிறீசைப் பெயரிங்கின் உருளைகளுக்கு இடையே உள்ளங்கையால் அழுத்திச் செலுத்த வேண்டும், மேலே பூசினால் போதாது. நட்டை இறுக்கிப் பின் சற்றே தளர்த்தி, சில்லு தடையின்றியும் ஆட்டமின்றியும் சுழல்கிறதா என்று பாருங்கள். முதல் மைல் ஓடியதும் நிறுத்திக் குடத்தைக் கையால் தொடுக. இளஞ்சூடு இயல்பு, கை வைக்க இயலாத சூடு ஏதோ பிழை என்பதற்கு அறிகுறி.

கரைக்கு வந்ததும் குடம் ஆறும்வரை ஓர் அரைமணி காத்திருந்து, பின் நீரில் இறக்குங்கள். அலுவல் முடிந்தபின் நன்னீரால் கழுவுங்கள். நம் குடாநாட்டிலே இதில் ஒரு சிக்கல் உண்டு: கரையோரக் கிணறுகள் பலவும் உவர்நீர்க் கிணறுகள். அந்நீரால் கழுவினால் உப்பின்மேல் உப்பு ஏறும். ஊர் நடுவேயுள்ள நல்ல கிணற்றிலிருந்து இரண்டு வாளி கொண்டுவரலாம். மாரியிலே தாழ்வாரத்தில் பிடித்த மழைநீர் அதனினும் நன்று.